'ரெயின் செக்' கேட்பது எப்படி: நனைந்த மைதானத்திலிருந்து ஆபீஸ் லன்ச் வரை

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அமெரிக்க டீமில் ஒருவர் சாட்டில் வந்து, "இன்று எல்லோரும் லன்ச்சுக்கு வெளியே போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்பார். இன்னொருவர் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்று பதில் போடுவார். கேட்டவரும் "ஷுர், நெக்ஸ்ட் வீக்!" என்று ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். புதிதாகச் சேர்ந்தவர்தான் முழிப்பார். மழை எங்கே பெய்தது? செக்கை யார் யாருக்குக் கொடுத்தார்கள்? கடைசியில் அவர் வருகிறாரா, வரவில்லையா?

வரவில்லை. ஆனால் அந்த லன்ச்சை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் கட்டாயம் வருகிறேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நம் பேச்சில் இதற்கு மிக அருகில் வரும் சொல் 'பாக்கி'. "உங்க வீட்டுச் சாப்பாடு எனக்கு ஒண்ணு பாக்கி நிக்குது, மறந்துடாதீங்க" என்கிறோமே, அந்தப் பாக்கி. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் தொடரை எங்கே போடலாம், எங்கே போட்டால் அசடு வழியும் என்பது பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும்.

அந்தச் சீட்டு எப்படி இருந்தது

இது பேஸ்பால் மைதானத்தில் பிறந்த தொடர். கிரிக்கெட்டைப் போலவே பேஸ்பாலையும் மழையில் ஆட முடியாது. 1880களில் அமெரிக்க மைதானங்களில் ஆட்டம் பாதியில் மழையால் நின்றால், காசு கொடுத்து வந்த கூட்டம் சும்மா போகுமா? அவர்களைச் சமாதானப்படுத்த இன்னொரு நாள் ஆட்டத்துக்கு இலவசமாக உள்ளே விடுவதற்கு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் பெயர்தான் ரெயின் செக். 1884லேயே இந்தப் பெயர் அச்சில் வந்துவிட்டது.

இதில் சிக்கல் ஒன்று இருந்தது. மழை வந்தால் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களில் வேலி ஏறிக் குதித்து வந்தவர்களும் ஓசியில் நுழைந்தவர்களும் இருப்பார்கள். யார் காசு கொடுத்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிக்கெட்டிலேயே ஒரு பகுதியைக் கிழித்தெடுக்கும்படி ஓட்டை போட்டு அச்சடித்து, அந்தத் துண்டையே ரெயின் செக்காக வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் இதற்குக் கண்ட வழி. நியூ ஆர்லியன்ஸ் அணியை நடத்திய ஏப்னர் பவல்தான் இதைத் தொடங்கினார் என்று பேஸ்பால் வரலாற்றில் சொல்வது வழக்கம். வாசலில் நிற்பவர் ஒரு பாதியைக் கிழித்துக்கொள்வார். பிளாக், வரிசை, இருக்கை எண் அச்சிட்ட மறுபாதி கையில் இருக்கும். அதில் 'ரெயின் செக்' என்ற இரண்டு சொற்களும், எத்தனை இன்னிங்ஸுக்குள் ஆட்டம் நின்றால் அது செல்லும் என்ற நிபந்தனையும் பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே ஆட்டம் முடியும்வரை அந்தத் துண்டைக் கசக்கி எறியாமல் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள்.

நிபந்தனை என்ன? பேஸ்பாலில் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். அதில் 5 முடிந்துவிட்டால் அது முறையான ஆட்டமாகக் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும், சொந்த ஊர் அணி இரண்டாவதாக. அந்த அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும். அதற்குமுன் மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டால் துண்டு செல்லும். அதற்குப்பின் வந்தால், பார்த்தவரைக்கும் பார்த்தாயிற்று, சீட்டு செல்லாது. கிரிக்கெட்டில் பொதுவாக ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் போனால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள். பேஸ்பாலில் திரும்பியது பணம் இல்லை, இன்னொரு நாள். தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது: அழைத்தவர் தந்த வாய்ப்பு அப்படியே நிற்கிறது, தேதி மட்டும் நகர்ந்திருக்கிறது.

'செக்' என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். இது வங்கிக் காசோலை கிடையாது. சரிபார்ப்பதும் கிடையாது. அமெரிக்க வழக்கில் ஒன்றை ஒப்படைத்துவிட்டு அதற்கு அடையாளமாக வாங்கும் துண்டுச் சீட்டுக்கும் செக் என்று பெயர். ஹோட்டலில் மேல்கோட்டைக் கொடுத்துவிட்டு வாங்குவது கோட் செக். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதே ஜாதி. டோக்கனைக் காட்டினால் செருப்பு திரும்பக் கிடைக்கும். ரெயின் செக்கைக் காட்டினால் ஆட்டம் திரும்பக் கிடைக்கும்.

அதனால் எழுதும்போது சி-எச்-இ-சி-கே என்றுதான் எழுத வேண்டும். காசோலைக்கு நாம் பள்ளியில் படித்த சி-எச்-இ-க்யூ-யூ-இ எழுத்துக்கூட்டலைப் போட்டால், படிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவதே நல்லது. சேர்த்து எழுதுபவர்களும் உண்டு. சொல்லும்போது அழுத்தம் 'ரெயின்' மேல் விழ வேண்டும், 'செக்' மேல் இல்லை.

வாக்கியத்தில் அமைப்பது

முழு வடிவம் இது: "டேக் எ ரெயின் செக் ஆன்" என்று சொல்லி, பின்னால் தள்ளிப்போடும் பொருளைச் சேர்க்க வேண்டும். "ஐ'ல் டேக் எ ரெயின் செக் ஆன் டின்னர்." எதைப் பற்றிய பேச்சு என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் 'ஆன்' முதல் மிச்சத்தை விட்டுவிடலாம். நெருங்கிய நண்பரிடம் "ரெயின் செக்?" என்று கேள்விக்குறியோடு இரண்டே சொல்லில் முடித்துவிடலாம்.

தமிழ் பேசுபவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, 'எ' என்ற சின்னச் சொல்லை விழுங்கிவிடுவது. "ஐ வில் டேக் ரெயின் செக்" என்றால் புரியும், ஆனால் காதில் இடறும். அதற்குப் பதிலாக 'த' போடுவதும் தவறுதான். எந்த ரெயின் செக் என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது, லன்ச், டின்னர் போன்ற அழைப்புகளுக்கு 'ஆன்' போட வேண்டிய இடத்தில் 'ஃபார்' போடுவது. நமக்கு "லன்ச்சுக்கு" என்று வருவதால் கை தானாக 'ஃபார்' அடிக்கும். மூன்றாவது, யார் எடுக்கிறார், யார் கொடுக்கிறார் என்பதைக் குழப்பிக்கொள்வது. அழைக்கப்பட்டவர் ரெயின் செக் எடுப்பார், அல்லது கேட்டு வாங்குவார். அழைத்தவர் கொடுப்பார். மைதானத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது: சீட்டுக் கொடுப்பது மைதானக்காரர், எடுத்துக்கொண்டு போவது பார்க்க வந்தவர். விருந்துக்கு அழைத்த நீங்களே கடைசி நேரத்தில் ரத்து செய்ய நேர்ந்தால், "ஐ'ல் கிவ் யூ எ ரெயின் செக்" என்று சொல்லலாம். "லெட்ஸ் டேக் எ ரெயின் செக்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்வதும் நடப்பில் உண்டு.

இறந்தகாலத்தில் "டுக்" வரும்: "ஷி டுக் எ ரெயின் செக் ஆன் த மூவி." இன்றைய பேச்சில் ரெயின் செக்கையே வினையாக்கி "கேன் வி ரெயின் செக்?" என்று கேட்பதும் இருக்கிறது. இளைஞர்கள் சாட்டில் எழுதுவார்கள். நீங்கள் எழுத அவசரப்பட வேண்டாம், பார்த்தால் புரிந்துகொண்டால் போதும்.

பதில் எழுதுவது, படிப்படியாக

நல்ல பதிலுக்கு நான்கு துண்டுகள். மொத்தம் இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் போதும்.

1. விருப்பத்தை முதலில் சொல்லுங்கள். "ஐ'ட் லவ் டு" அல்லது "தட் சவுண்ட்ஸ் கிரேட்". இது இல்லாமல் நேரே ரெயின் செக்குக்குப் போனால், சாக்குத் தேடுகிறீர்கள் என்று தோன்றும்.

2. காரணம், ஒரே வரியில். "பட் ஐ ஹேவ் எ கால் அட் ஒன்." இந்த இடத்தில் நம்மவர்கள் நீட்டுவார்கள்: மாமியார் ஊரிலிருந்து வந்தது, ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது, வண்டி பஞ்சரானது என்று வரிசையாக. நம் ஊரில் நீண்ட காரணம் மரியாதை. "சும்மா சொல்லலை, நெஜமாவே முடியலை" என்று காட்டுவதற்கு அது வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பேச்சில் காரணம் நீள நீளச் சந்தேகம்தான் வளரும். சொல்ல விருப்பமில்லாவிட்டால் "சம்திங் கேம் அப்" என்ற இரண்டு விநாடிக் காரணமே போதும். யாரும் குடைய மாட்டார்கள்.

3. "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்று கேள்வியாகக் கேளுங்கள். "ஐ'ல் டேக் எ ரெயின் செக்" என்று நேராகச் சொன்னாலும் தவறில்லை. ஆனால் வயதிலோ பதவியிலோ மூத்தவரிடம் கேள்வியாக வருவதே இதம்.

4. ஒரு நாளைச் சொல்லுங்கள். "ஹவ் அபௌட் தர்ஸ்டே?"

நான்காவது துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பதிலின் கனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நாள் குறிப்பிட்ட ரெயின் செக்கில் சீட்டு உண்மையில் கைமாறுகிறது. நாள் சொல்லாத ரெயின் செக் "பார்க்கலாம்" என்பதற்குச் சமம். தமிழில் "பார்க்கலாம்" என்றால் என்ன நடக்கும் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

ஒரு பரிமாற்றத்தை முழுதாகப் பார்ப்போம். மேனேஜர் எழுதுகிறார்: "டீம் டின்னர் டுநைட் அட் செவன். யூ இன்?" வரும் பதில்: "ஐ'ட் லவ் டு, பட் மை பேரன்ட்ஸ் ஆர் இன் டவுன். கேன் ஐ டேக் எ ரெயின் செக்? ஐ'ம் ஃப்ரீ எனி நைட் நெக்ஸ்ட் வீக்." விருப்பம், காரணம், கோரிக்கை, நாள், நான்கும் வந்துவிட்டன. அதே அழைப்புக்கு "ரெயின் செக் ப்ளீஸ்" என்று மட்டும் போட்டுப் பாருங்கள். இலக்கணம் சரிதான், பந்தி விரித்தவரிடம் தலையைக்கூடத் தூக்காமல் கையைக் காட்டியது போல இருக்கும்.

ஐந்தாவது வேலை ஒன்று இருக்கிறது, அது எழுத்தில் வராது. சொன்ன நாளுக்கு முன்னால் நீங்களே நினைவூட்ட வேண்டும். பாக்கி வைத்தவர்தான் தேடிப் போய்த் தீர்க்க வேண்டும், இல்லையா? "ஐ ஓ யூ எ டின்னர்" என்று தொடங்கலாம். மூன்று முறை ரெயின் செக் எடுத்துவிட்டு ஒருமுறைகூட நீங்களாக அழைக்கவில்லை என்றால், நான்காவது அழைப்பு வராது.

எங்கே சொல்லக் கூடாது

அழைப்பா, கடமையா? இந்தத் தொடரைப் பயன்படுத்துமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரே கேள்வி அதுதான். பேஸ்பால் ரசிகர் விருப்பப்பட்டு மைதானத்துக்குப் போனவர். ஆகவே உங்களுக்கு ஒருவர் நல்லெண்ணத்தில் நீட்டும் ஒன்றுக்குத்தான் ரெயின் செக் எடுக்கலாம்: காபி, சினிமா, வீட்டு விருந்து, ஊர் சுற்றுதல், "நான் காரில் இறக்கிவிடட்டுமா" போன்ற உதவி. நீங்கள் செய்து கொடுத்தே ஆக வேண்டிய ஒன்றுக்கு எடுக்க முடியாது.

"ஐ'ல் டேக் எ ரெயின் செக் ஆன் த ரிப்போர்ட்" என்று ஒருவர் கிளையன்ட்டுக்கு எழுதினால் என்ன ஆகும்? அறிக்கை கொடுப்பதை அவர் ஏதோ தனக்குக் கிடைத்த சலுகை போலவும், இப்போது வேண்டாம் என்று தள்ளிவைப்பது போலவும் படிக்கப்படும். அவர் சொல்ல வந்தது "திங்கட்கிழமை வரை அவகாசம் வேண்டும்". அதை அப்படியே சொல்ல வேண்டும்: "கேன் ஐ ஹேவ் அன்டில் மண்டே?" கடன் தவணை, வாடகை, தேர்வு, விசா நேர்காணல், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாமே இந்தப் பக்கம்தான். அங்கெல்லாம் 'ரீஷெட்யூல்' என்ற சொல் பத்திரமானது.

துக்க வீட்டுக்கும் இது பொருந்தாது. இறுதிச் சடங்குக்கு வர இயலாதவர் ரெயின் செக் கேட்டால் அடுத்த முறை வருகிறேன் என்று பொருளாகிவிடும். அந்த விபரீதத்தை விளக்கத் தேவையில்லை. கல்யாணத்துக்கும் அதே கதைதான், இன்னொரு தடவை நடக்க வேண்டும் என்று யாரும் வாழ்த்துவதில்லை. ஒரே ஒரு முறை நடக்கும் எதற்கும் இன்னொரு நாள் சீட்டுக் கிடையாது. அச்சடித்த அழைப்பிதழுக்கு வரும் பதிலில் "வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்ற முறையான ஆங்கிலமே சரி. கல்யாணத்தைத் தவறவிட்டவர், பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் கொடுக்கும் டீ விருந்துக்கு வேண்டுமானால் ரெயின் செக் கேட்டுக்கொள்ளலாம்.

நிஜமாகவே மழை பெய்து நிகழ்ச்சி நின்றால்? அதற்கு 'ரெயின்ட் அவுட்' என்று தனிச் சொல் இருக்கிறது. "த மேட்ச் வாஸ் ரெயின்ட் அவுட்" என்பது செய்தி. அந்த இடத்தில் ரெயின் செக்கைப் போட்டால், மழைக்குப் பதில் சீட்டு பெய்தது போல ஆகும்.

பிரிட்டனில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்கே பேஸ்பால் ஊறியதில்லை என்பதாலோ என்னவோ, சிலர் இதை "நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்ற பொருளில் சொல்வதைக் கேட்கலாம். 'ரியாலிட்டி செக்' என்ற வேறொரு தொடர் காதில் கலந்துவிடுவதும் உண்டு. அது தரையில் கால் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது. தேதி தள்ளிப்போடுவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிரிட்டன்காரர் ஒருவர் ரெயின் செக் என்றால், இன்னொரு நாள் என்கிறாரா, யோசித்துச் சொல்கிறேன் என்கிறாரா என்று ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில் தவறில்லை.

உங்களிடம் ஒருவர் சொன்னால்

இதில்தான் நம் மனசு அதிகம் நோகிறது. "வர்றேன்னு சொன்னாரே, ஏன் வரலை?" என்று காத்திருப்போம். ரெயின் செக் பல நேரம் உண்மையான பாக்கி. சில நேரம், "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் சொல்லும் நாகரிகம். பிரித்தறிய எளிய குறி உண்டு: நாள் குறிப்பிட்டாரா? காரணத்தைச் சொன்னதோடு "அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள் வரட்டுமா" என்று கேட்டவர் வருவார். வெறும் "ரெயின் செக்!" என்று சிரித்துவிட்டுப் போனவரை ஒருமுறை, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மறுபடியும் நாள் சொல்லாமல் நழுவினால் அத்தோடு விட்டுவிடுங்கள். நம் ஊரில் மூன்று முறை வற்புறுத்துவது உபசாரம். விருந்தாளி இரண்டு முறை வேண்டாம் என்பதும் அதே உபசாரத்தின் பகுதி. அமெரிக்கர் வேண்டாம் என்றால் பெரும்பாலும் வேண்டாம்தான். மூன்றாவது முறை கேட்பது அவருக்கு நெருக்கடி.

ரெயின் செக்குக்கு உடனே சொல்ல வேண்டிய பதில் மிகச் சின்னது: "ஆஃப் கோர்ஸ்", "எனி டைம்", "ஷுர் திங்". "ஏன், என்ன ஆச்சு, ஏதாவது பிரச்சினையா?" என்று துருவ வேண்டாம். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் விசாரணை போலக் கேட்கும்.

கடையில் கிடைக்கும் ரெயின் செக்

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிபோனவர்கள் இந்தச் சொல்லை இன்னோர் இடத்தில் சந்திப்பார்கள், அங்கே அது உருவகம் இல்லை, நிஜமான காகிதம். மளிகைக்கடையின் வாராந்திர விளம்பரத்தாளில் ஒரு பொருளுக்குத் தள்ளுபடி போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் அலமாரி காலி. அப்போது, சரக்கு வந்தபின் அதே தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று கடை எழுதிக் கொடுக்கும் சீட்டும் ரெயின் செக்தான்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. விளம்பரம் செய்துவிட்டுச் சரக்கு வைக்காமல் ஏமாற்றும் மளிகைக்கடைகளைக் கட்டுப்படுத்த, வணிக ஏமாற்றுகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1971இல் ஒரு விதி கொண்டுவந்தது. 1989இல் அதைத் திருத்தியபோது, ரெயின் செக் கொடுப்பது, ஒப்பான வேறு பொருளை அந்த விலைக்குக் கொடுப்பது போன்றவற்றைச் செய்தால் கடைமேல் குற்றமில்லை என்று ஆனது. ஆகவே ரெயின் செக் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கடை தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகளில் அது ஒன்று. சில கடைகள் கொடுக்கும், சில கொடுக்காது.

கேட்கும் முறை இது. காலி அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடும் இடத்தில் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்; கஸ்டமர் சர்வீஸ் கவுன்ட்டருக்குப் போங்கள். "திஸ் இஸ் ஆன் சேல் பட் யூ'ர் அவுட் ஆஃப் இட். கேன் ஐ கெட் எ ரெயின் செக் ஃபார் இட்?" இங்கே 'ஃபார்' வரலாம், பொருளுக்கான சீட்டு என்பதால். எழுதிக் கொடுப்பதை நகர்வதற்குமுன் படித்துப் பாருங்கள்: பொருளின் பெயர், அளவு அல்லது எடை, தள்ளுபடி விலை, எத்தனை வாங்கலாம், எந்தத் தேதிவரை செல்லும். இந்த ஐந்தில் அளவு விடுபட்டால்தான் அடுத்த முறை தகராறு வரும். நீங்கள் கேட்டது 2 லிட்டர் எண்ணெய், அவர்கள் பில் போடுவது 1 லிட்டருக்கு என்றாகிவிடும். பல கடைகளில் சீட்டுக்கு ஆயுள் 30 நாள். சரக்கு வந்ததும் உங்களைத் தேடிக் கூப்பிட மாட்டார்கள், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

'வைல் சப்ளைஸ் லாஸ்ட்' என்று விளம்பரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் இருக்கும்வரை என்று பொருள். அதற்கு ரெயின் செக் கேட்டுப் பயனில்லை. கழிவுவிலையில் தீர்க்கும் பழைய சரக்குக்கும் அப்படியே.

அக்கம்பக்கத்துத் தொடர்கள்

ரெயின் செக் வாயில் வரவில்லை என்றால் "சம் அதர் டைம்" போதும். எந்த நாட்டிலும் புரியும், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும் அவ்வளவுதான். "மேபி நெக்ஸ்ட் டைம்" என்பதில் 'மேபி' இருப்பதால் உறுதி குறைவு. "ஐ'ல் பாஸ்" என்றால் கதவைச் சாத்தியாயிற்று, பாக்கி எதுவும் இல்லை. இதைத் தெரியாமல் ரெயின் செக் போல நினைத்துச் சொல்லிவிடுபவர்கள் உண்டு. கூட்டத்தில் ஒரு விவாதத்தைத் தள்ளிவைக்க "லெட்ஸ் புட் எ பின் இன் இட்" என்பார்கள். அழைப்புக்கு அது வராது.

தள்ளிவைப்பதில் 'டேபிள்' என்ற வினை ஆளைக் கவிழ்க்கும். அமெரிக்காவில் ஒரு விஷயத்தை டேபிள் செய்தால் கிடப்பில் போடுவது, பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது. இரண்டு நாட்டு ஆட்களும் இருக்கும் கான்ஃபரன்ஸ் காலில் அந்தச் சொல்லையே தொடாமல் இருப்பது உத்தமம்.

பேஸ்பால் வழியே வந்து ஆபீஸில் குடியேறியவை இன்னும் இருக்கின்றன. 'பால்பார்க் ஃபிகர்' உத்தேசக் கணக்கு. 'டச் பேஸ்' என்பது சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. 'கர்வ்பால்' எதிர்பாராமல் வரும் சிக்கல். ஆட்டம் தெரியாவிட்டாலும் பொருள் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.

மழையை வைத்தே இரண்டு அறிவிப்புகள் அங்கே அடிக்கடி கண்ணில் படும். பூங்காவில் நடக்கும் விழா நோட்டீஸில் 'ரெயின் டேட்' என்று ஒரு தேதி இருந்தால், அன்று மழை வந்தால் இந்த நாளுக்கு மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 'ரெயின் ஆர் ஷைன்' என்று போட்டிருந்தால் மழையோ வெயிலோ நிகழ்ச்சி நடந்தே தீரும். அங்கே வானத்தைக் காட்டி ரெயின் செக் கேட்க முடியாது. குடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.